நடு ஆற்றில் மஞ்சள் கொடி

1

அந்தமான் போய்வந்த கதையை எழுதி அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். "பறக்கும் மீன் நிஜமா? கப்பலில் சோறு போடுவார்களா, ரொட்டிதானா? நம் ஜனங்கள் படித்தால் கப்பலில் ஏறி வந்த மாதிரி இருக்க வேண்டும்" என்று அவர் எழுதியிருந்தார். நானும் பல தடவை உட்கார்ந்தேன். நீலத் தண்ணீர், தென்னந்தீவு, கண்ணாடி போலத் தெரியும் கடலடி என்று முதல் பாரா நன்றாகத்தான் வருகிறது. பிறகு பேனா தானாகக் கடைசி நாளுக்கு ஓடிவிடுகிறது. ஆகையால் அந்தக் கடைசி நாளையே எழுதுகிறேன். பறக்கும் மீன் நிஜம்தான். சோறும் போடுகிறார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கல்கத்தாவில் கார்டன் ரீச் என்ற ஆற்றங்கரைப் பகுதியில் ரயில்வே தலைமை அலுவலகம் இருக்கிறது. அதில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. ஆற்றைப் பார்த்த மாதிரி மஞ்சள் பூச்சு அடித்த குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. மனைவி வடிவு. ஒரே மகள் ஜெயந்தி, பத்து வயது. அவள் பிறந்தது இங்கேதான். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வாள். தானாகப் பேசும்போது வங்காளிதான். தூக்கத்தில் பேசுவதும் வங்காளிதான். வடிவு சில சமயம் என்னை எழுப்பி, "என்னமோ சொல்லுதா, என்னன்னு கேளுங்க" என்பாள். எனக்கும் பாதிதான் புரியும்.

வருஷா வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போவோம். எங்கள் தெரு முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வடிவு போகாமல் இருந்ததில்லை. இந்த வருஷம் ஜெயந்தியின் பூகோளப் புத்தகத்தில் தீவுகள் வந்தன. "எங்க கிளாஸ்ல கப்பல்ல போனவங்க யாருமே இல்லப்பா" என்றாள். அலுவலகத்தில் உடன் வேலை செய்கிற ஒருவர் போய்வந்து படம் காட்டினார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ரயில் பாஸ் கப்பலுக்குச் செல்லாது என்பதைத் தவிர வேறு தடையில்லை. வடிவு அதிகம் பேசவில்லை. "கொடைக்கு ஆள் இல்லன்னு அவளுக்கு மனசுல இருக்கும்" என்று ஒரு தடவை சொன்னாள். அவள் என்றது அம்மனை. நான் சிரித்தேன்.

2

திரும்பி வரும் கப்பலில் ஜெயந்திக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். சணல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், கல்கத்தா பாலிகஞ்ச்காரர். கழுத்தில் எப்போதும் ஒரு பைனாகுலர். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். ஜெயந்தி முதல் நாளே அவரை 'ஜேட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தாள். வங்காளியில் பெரியப்பாவை அப்படிச் சொல்வார்கள். அவர் பைனாகுலரைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டுவார். அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அதே கண்ணாடியில் அவர் பார்ப்பார். நாள் முழுக்க இதே கொடுக்கல் வாங்கல். கடல் ஆமை, கூட்டமாகத் துள்ளும் டால்ஃபின், அலைக்கு மேல் வெள்ளிக் காசு வீசினாற்போல் போகும் பறக்கும் மீன், எல்லாவற்றையும் முதலில் பார்த்துச் சொன்னது இந்த இருவரும்தான்.

கடைசி நாள் காலையில் கப்பல் ஆற்றின் வாயை அடைந்தது. நீலம் போய்த் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. வழி தெரிந்த மாலுமி ஒருவர் படகில் வந்து ஏறினார். அவர் இல்லாமல் எந்தக் கப்பலும் இந்த ஆற்றுக்குள் வர முடியாதாம். எல்லாரும் மேல்தளத்தில் கூடிவிட்டோம். பொரியும் டீயும் சுற்றி வந்தன. பயணம் முடியப் போகிறது என்றால் ஜனங்களுக்கு எங்கிருந்தோ ஒரு உற்சாகம் வந்துவிடும். நாலு நாளாக முகம் பார்க்காதவர்கள்கூட விலாசம் பரிமாறிக்கொண்டார்கள்.

"அதோ! மரக்கட்டை மாதிரி இருக்கிறது பார், கட்டை இல்லை!" என்று ஜேட்டு கத்தினார். சேற்றுக் கரையில் ஒரு முதலை வாயைத் திறந்தபடி படுத்திருந்தது. ஒரு நாரை அதன் பக்கத்திலேயே நின்று இரை தேடிக்கொண்டிருந்தது. "பயமே இல்லை பாருங்கள், பிள்ளை மோஷாய்! அரசாங்க உத்தியோகமாக இருக்கும்!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மோஷாய் என்றால் ஐயா. தளம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஜெயந்தி சிரிக்கவில்லை. கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். முதலையைப் பார்த்தாள், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பைனாகுலரைத் தூக்கவில்லை. கன்னம் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

3

தலை வாரிவிடக் கீழே கூட்டிப்போன வடிவு, சிறிது நேரத்தில் படியேறி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். ஜெயந்தி படுத்திருந்தாள். வடிவு அவள் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினாள். பிறகு கவுனின் கழுத்தை இறக்கிக் காட்டினாள். சின்னச் சின்னதாகச் சிவப்பு. சிலவற்றின் உச்சியில் நீர் கோத்திருந்தது.

"முத்து போட்டுருக்கா," என்றாள் வடிவு. குரல் நடுங்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "கொடைக்குப் போவாம கடல் பாக்கப் போனோம்லா. அதான் அவளே நம்மளத் தேடி வந்துட்டா."

"உளறாத. டாக்டர்கிட்ட சொல்லணும்."

"என்னத்தச் சொல்லப் போறீங்க? கப்பல்ல அம்மைன்னு வாயெடுத்தா என்ன செய்வாங்க தெரியும்லா? பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க. சாயந்திரம் வீடு வந்துரும். வீட்டுக்குப் போயிச் சொல்லுவோம்."

"பெரியம்மையா இருந்தா?"

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சின்னம்மை என்றால் வேப்பிலையும் பொறுமையும் போதும். பெரியம்மை என்றால் கண் போகலாம், உயிர் போகலாம். போகாவிட்டால் முகம் போகும். இங்கே ஒவ்வொரு பனிக்காலம் முடியும்போதும் அது வருகிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் பின்புறத்துச் சேரியில் போன வருஷம் ஒரு வரிசையே காலியாயிற்று. ஜெயந்திக்குக் கைக்குழந்தையிலேயே அம்மை குத்தியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இன்னொரு தடவையும் குத்தினார்கள். ஆனால் குத்தியவர்களுக்கும் வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணக்குப் பிரிவில் இருபது வருஷம் வேலை செய்தவனுக்கு அதில் ஒன்றும் படிக்கத் தெரியவில்லை.

வடிவு கைக்குட்டை ஒன்றில் மஞ்சள்பொடி தடவி, காசு ஒன்றை முடிந்து, ஜெயந்தியின் தலைமாட்டில் வைத்தாள். சமையலுக்கு எடுத்துவந்த மஞ்சள்பொடி. படுக்கையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மகள் எழுந்து நடமாடும்வரை இனி அவள் மெத்தையில் படுக்கமாட்டாள், தலை வாரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றவளும் அவள்தான். நான் சொல்வதா வேண்டாமா என்று கதவருகே நின்றேன். அந்த நேரத்தில் ஹரிபதோ சாப்பாட்டைக் கொண்டுவந்துவிட்டான்.

ஹரிபதோ எங்கள் பக்கத்து அறைகளுக்குப் பரிமாறும் ஆள். மேதினிபூர்க்காரன். நாங்கள் மீன் சாப்பிடாதது அவனுக்கு நாலு நாளாக வேடிக்கை. "இன்றாவது ஒரு துண்டு, தாதா? கல்கத்தா வந்துவிட்டது, இனி மீன் கேட்டாலும் நான் தரமாட்டேன்!" என்று சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினான். தாதா என்றால் வங்காளியில் அண்ணா. பருப்பின் மேல் கடுகும் மிளகாயும் தாளித்த மணம் அறைக்குள் வந்தது.

வடிவு சட்டென்று எழுந்து வாசலை மறித்தாள். தனக்குத் தெரிந்த வங்காளியில், "வேண்டாம். தாளித்தது வேண்டாம். வெறும் பருப்பு, வேகவைத்தது. எண்ணெய் வேண்டாம். மீன் தட்டை இந்தப் பக்கம் கொண்டு வராதே. துவைத்த வெள்ளைத் துணி ஒன்று கொடு" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கும் சத்தமே அம்மனுக்கு ஆகாது. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் தாளிப்பு மணம் நின்றுபோனால், என்ன ஏது என்று கேட்காமலே தெருவுக்குத் தெரிந்துவிடும். எண்ணெயும் மீனும் விலக்குவது வங்காளத்திலும் உண்டு என்பதை இத்தனை வருஷம் இருந்தும் நாங்கள் யோசித்ததில்லை.

ஹரிபதோ தட்டுகளை நடைபாதையின் தரையில் வைத்தான். செருப்பைக் கழற்றினான். வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே படுத்திருந்த ஜெயந்தியைப் பார்த்து இரண்டு கைகளையும் நெற்றிவரை கொண்டுபோய்க் கும்பிட்டான். எதிர் அறையிலிருந்து வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மாயேர் தயா," என்றான் மெதுவாக. தாயின் கருணை. அவர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். பிறகு என் பக்கம் திரும்பினான். "தாதா, நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லவில்லை என்றால் என் வேலை போய்விடும். நீங்களே முன்னால் போய்ச் சொல்லுங்கள். நான் பின்னால் வருகிறேன். அப்படியென்றால் நீங்கள் சொன்ன மாதிரி இருக்கும்."

அப்படித்தான் போனோம். நான் முன்னால், அவன் பின்னால்.

4

கப்பல் டாக்டர் இளைஞர். கதவுக்கு வெளியே நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வாயில் துணி கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வங்காளியில் கேட்கக் கேட்க ஜெயந்தி தானே பதில் சொன்னாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காய்ச்சல் எப்போது வந்தது?"

"முந்தாநாள். தலை வலித்தது. ஜேட்டுவிடம் சொன்னேன். அவர் கிராம்பு கொடுத்தார்."

"அம்மாவிடம் சொல்லவில்லையா?"

"சொன்னால் கீழே படுக்க வைத்துவிடுவார்கள். டால்ஃபின் பார்க்க முடியாது."

இது மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. வடிவுக்கு நான் தமிழில் சொல்லவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்து, "என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

"சின்னம்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது," என்றார் டாக்டர். "ஆனால் நான் தோன்றுகிறது என்று எழுத முடியாது. கரையிலிருந்து சுகாதார அதிகாரி வந்து பார்க்க வேண்டும்."

பிற்பகலில் கப்பல் கார்டன் ரீச்சை நெருங்கியது. பெட்டி படுக்கைகள் எல்லாம் மேல்தளத்துக்கு வந்துவிட்டன. பெண்கள் புடவை மாற்றிப் பொட்டு வைத்திருந்தார்கள். இடப்பக்கம் தாவரவியல் தோட்டத்தின் மரங்கள். வலப்பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸ். சங்கிலி அறுந்து விழுவதுபோல ஒரு சத்தம். கப்பல் நடு ஆற்றில் நின்றது. மேலே ஒரு மஞ்சள் கொடி ஏறியது.

"ஜேட்டு, அது என்ன கொடி?" என்று ஒரு குழந்தை கேட்டது. ஜெயந்தியால் அவர் கப்பல் பிள்ளைகள் எல்லாருக்கும் ஜேட்டு ஆகியிருந்தார்.

"அதுவா? கப்பலில் யாருக்கோ தொற்றுநோய் என்று அர்த்தம்," என்று உற்சாகமாகவே விளக்க ஆரம்பித்தார். "யார் அந்தப் புண்ணியவா..." என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், நான் நிற்பதைப் பார்த்தார். எதிர் அறை அம்மாள் ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்பியது. ஜேட்டுவின் கை பைனாகுலர் மேல் போயிற்று. அதைக் கழுத்திலிருந்து ஒரு விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை மோஷாய், என் பேரன் துறைமுகத்தில் காத்திருக்கிறான். ஏழு மாதக் குழந்தை. எனக்காக வந்திருக்கிறான்."

"சின்னம்மை என்றுதான் டாக்டர்..."

"டாக்டருக்கு என்ன தெரியும்? உங்களுக்கு எப்போது தெரியும்? அதைச் சொல்லுங்கள்!"

"சாமி கும்பிடத் தெரிகிறது, டாக்டரிடம் சொல்லத் தெரியவில்லை மதராஸிகளுக்கு!" என்று பின்னாலிருந்து ஒருவன். "ஊரெல்லாம் சுற்றிவிட்டு இதையா வாங்கி வந்தீர்கள், சங்கு கிடைக்கவில்லையா?" என்று இன்னொருவன். சிலர் சிரித்தார்கள். ஹரிபதோ மட்டும், "காலையில்தான் தெரியும், தாதாவே வந்து சொன்னார்" என்று எனக்காகப் பேசினான். அவனைப் போய்த் தட்டுக் கழுவச் சொன்னார்கள்.

யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் மகள் நன்றாக இருந்து இன்னொருவர் மகள் கீழே படுத்திருந்தால் நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பேன்.

என்னைச் சுற்றி இடம் காலியாகிவிட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் காற்றில் ஆடியது. கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் துணிக்கொடியில் தங்கள் போர்வையை உலர்த்தியிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்காது, ஆனால் கையை அசைத்தால் தெரியும். அவ்வளவு தூரம்தான்.

5

சூரியன் தோட்டத்து மரங்களுக்கு மேல் இருக்கும்போதே சுகாதார அதிகாரியின் படகு வந்துவிட்டது. கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். நல்ல ஆங்கிலம் பேசினார். ஜெயந்தியின் கையைத் திருப்பி அம்மை குத்திய தழும்புகளைப் பார்த்தார். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் எல்லாம் பார்த்தார். தடவிப் பார்த்தார்.

"சந்தேகம்," என்றார். "குழந்தையை இன்றே தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூட ஒருவர். தாய் வரலாம். மற்றவர்கள் எல்லாருக்கும் கப்பலிலேயே அம்மை குத்திய பிறகுதான் இறங்க முடியும். உங்களுக்கும்தான்."

"சார், அங்கே பெரியம்மைக்காரர்கள் இருப்பார்கள். என் மகளுக்கு அது இல்லை என்றால், அங்கே போய் அவளுக்கு வந்துவிடாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சந்தேகக் கேஸ்களுக்குத் தனி வார்டு இருக்கிறது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். விலாசம் சொல்லுங்கள்."

"அதோ, அந்த மஞ்சள் கட்டடம் சார். இரண்டாவது மாடி. திறந்திருக்கிறதே, அந்த ஜன்னல்." விரலை நீட்டிக் காட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். வசிக்குமிடம் என்ற கட்டத்தில் கப்பலின் பெயரை எழுதியிருந்தார். "நோய் கண்ட இடம்தான் கணக்கு," என்றார். நானும் அலுவலகத்தில் ஆயிரம் பேருக்கு இப்படிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஜெயந்தியைப் போர்வையில் சுற்றிக் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் தூக்கினார். அவள் அழவில்லை. அவருடைய பெயரையும் அவருக்கு நீந்தத் தெரியுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். படிக்கட்டருகே ஜேட்டு நின்றிருந்தார். மூக்கில் கைக்குட்டை. பைனாகுலரை ஒரு செய்தித்தாள் மேல் வைத்துத் தரையில் எங்கள் பக்கமாக நகர்த்திவிட்டு, மூன்றடி பின்வாங்கினார்.

"ஜெயந்தி, இது உனக்கு. நீயே வைத்துக்கொள்."

"நிஜமாவா, ஜேட்டு? எப்போதைக்குமா?"

"எப்போதைக்கும்." அவர் கண்கள் கலங்கியிருந்தன. அன்பினால் கொடுத்தாரா, திரும்ப வாங்கிக்கொள்ளப் பயந்து கொடுத்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. இதை வடிவிடம் முணுமுணுத்தபோது, "பயந்து குடுத்தா மட்டும் என்ன? பிள்ளை மொகத்தப் பாருங்க" என்றாள்.

வடிவு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடும் படியில் இறங்கினாள். சாதாரண நாளில் ட்ராமில் ஏறவே என் கையைப் பிடிப்பவள். நான் குனிந்து, போயிட்டு வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்துக் கையைக் காட்டித் தடுத்தாள். அம்மை இருக்கும் இடத்தில் யாரும் போய்வருகிறேன் என்று விடைபெறக் கூடாது, விடை கொடுக்கவும் கூடாது. வாயை மூடிக்கொண்டேன். அவள் நம்புவதில் எதையும் நான் நம்புவதில்லை. ஆனாலும் மூடிக்கொண்டேன்.

படகு கிளம்பியது. ஜெயந்தி பைனாகுலரை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் சிறுத்துக்கொண்டே போனாள். அவளுக்கு நான் பெரிதாகத் தெரிந்திருப்பேன். அந்த நேரத்தில் கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீர் பிளந்து ஒரு கறுத்த முதுகு உருண்டு மறைந்தது. "ஷுஷுக்! ஷுஷுக்!" என்று தளம் முழுக்க ஒரே கூச்சல். ஆற்று டால்ஃபின். ஒரு நிமிஷம் எல்லாரும் நோயை மறந்து கம்பிக்கு ஓடிவந்தார்கள். என்னை இடித்துக்கொண்டுகூட நின்றார்கள். இன்னொரு தடவை எழும்பாதா என்று காத்திருந்தார்கள். படகு வளைவில் மறைந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

6

மறுநாள் எல்லாருக்கும் வரிசையாக அம்மை குத்தி இறக்கிவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது நகரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. கேட்டில் தடுத்துவிட்டார்கள். "பார்வை நேரம் எப்போது?" என்று கேட்டேன். "இந்த ஆஸ்பத்திரிக்கு அது கிடையாது" என்றான் வாயில் காக்கும் தர்வான். எந்த வார்டு என்று கேட்டேன். பெயர், விலாசம் சொன்னேன். அப்படி ஒரு விலாசத்தில் யாரும் வரவில்லை என்றார்கள். கப்பல் பெயரைச் சொல்ல வேண்டும் என்று புரியப் பாதி நாள் ஆயிற்று. புரிந்த பிறகும், "இருக்கிறார்கள். ரிசல்ட் வரவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களும் போனேன். அலுவலகத்தில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்பதற்கு முன்பே லீவு சாங்ஷன் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் எனக்கு எதிரே வந்தவர்கள் திரும்பி ஏறினார்கள். வீட்டில் உலை வைக்கவும் மனமில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மூடிய வண்டி ஒன்று உள்ளேயிருந்து வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். அதில் யார் என்று கேட்க வாய் வராது. போன பிறகு உட்காருவேன். கை வேறு வீங்கி, காய்ச்சல் வேறு. குத்திய இடத்தில் டீக்கடைக்காரர் துணி கட்டிவிட்டார். ஊரில் பெண்களெல்லாம் கோயிலில் என்ன செய்வார்களோ அதையாவது செய்ய எனக்குத் தெரிந்திருந்தால் என்று அந்த பெஞ்சில் பல தடவை நினைத்தேன்.

பிறகு ஒருநாள் தர்வானே கூப்பிட்டான். "கப்பல்காரரே, பின்பக்கச் சுவரோரமாகப் போங்கள். மூன்றாவது ஜன்னல். நான் பார்க்கவில்லை."

கீழ்த்தள ஜன்னல்தான், கம்பிவலை போட்டது. வடிவு நின்றிருந்தாள். தலை வாராமல், கண் உள்ளே போய், யாரோ போல.

"சின்னம்மைதானாம்," என்றாள். "பெரிய டாக்டர் வந்து பாத்து எழுதிட்டாரு. மொதல்லயே தனி வார்டுதான் போட்டாங்க. பயப்பட வேண்டாம்னுட்டாங்க. பொருக்கு உதிரணும். அதுவரை விடமாட்டாங்க."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தலைக்கு மேலே உள்ளேயிருந்து ஜெயந்தியின் குரல் கேட்டது. வங்காளியில், மூச்சு விடாமல், யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். காது கொடுத்தேன்.

"...படகு கிளம்பிவிட்டது. அப்பா மேலே நின்றார். எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். போகாதே, ஆற்றில் முதலை இருக்கிறது என்றார்கள். அப்பா கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்தார். அவ்வளவு உயரத்திலிருந்து தொபீரென்று குதித்தார். குதித்து நீந்தினார் பார், எங்கள் படகுக்குப் பின்னாலேயே..."

"பொய்!" என்றது ஒரு குழந்தைக் குரல்.

"நான் பைனாகுலரில் பார்த்தேன்!"

நான் வடிவைப் பார்த்தேன். "வந்ததுலேருந்து இதே கததான்," என்றாள் தாழ்ந்த குரலில். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. "தடவைக்குத் தடவ ஆறு அகலமாயிட்டே போவுது."

எனக்கு நீந்தத் தெரியாது. அன்று அந்தக் கம்பியை விட்டு ஓர் அடி நகரவில்லை. மெல்ல எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஜெயந்தி என்னைப் பார்த்துவிட்டாள். "அதோ என் அப்பா! அவரையே கேளுங்கள்!"

வலைக்குப் பின்னால் நாலைந்து முகங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. எல்லாம் புள்ளி போட்ட முகங்கள். அவற்றுக்கு நடுவே என் மகளுடையது. நெற்றியிலும் மூக்கிலும் கறுத்த பொருக்கு, ஒரு கண்ணிமை வீங்கிப் பாதி மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காக்கு, நிஜமாகவே குதித்தீர்களா?" என்று சித்தப்பா முறை வைத்துச் சந்தேகக் குரல் கேட்டது. "முதலை என்ன செய்தது?"

எனக்கு வங்காளி சட்டென்று வரவில்லை. சட்டையின் கையை மடித்துவிட்டேன். வீங்கிச் சிவந்த புஜத்தையும் அதில் கட்டியிருந்த துணியையும் வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இங்கே கடித்தது," என்றேன்.

ஜெயந்தி வலையில் விரலை நுழைத்து, கட்டின் ஓரத்தைத் தொட முயன்றாள். எட்டவில்லை.

"வலிச்சுதாப்பா?" என்று கேட்டாள், தமிழில்.

"ஆமாட்டி," என்றேன். "ரொம்ப."